முன்சக்கரத்தில் ஒரு சத்தம்



கிராம ஊழியத்திற்கென்று நீங்கள் காணிக்கையாய்த் தந்த வேனில், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் "டொக், டொக்" என்று தட்டியது. ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றவேண்டும் என்றார்கள் பலர். எங்கள் ஓட்டுநர் தம்பியோ, "முதலில் பார்த்துவிடுவோம் ஐயா" என்றார்.

சத்தம் எப்போது வருகிறது என்பதே முதல் கேள்வி. (டாக்டர்களும் மருந்து எழுதுமுன் இப்படித்தானே கேட்கிறார்கள்!) வேகம் கூடக் கூட இரைந்து, வளைவில் திரும்பும்போது இரைச்சல் மாறினால் பெரும்பாலும் வீல் பேரிங். 80 கிலோமீட்டர் வேகத்தையொட்டி ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பாலன்ஸ் பார்க்கவேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். சிறு மேடுபள்ளத்திலும் தட்டினால் ஸ்டெபிலைசர் லிங்க், ரப்பர் புஷ், அல்லது பால் ஜாயின்ட்.

ஸ்பிரிங்கின் பாரம் ஜாயின்டை இறுக்கிப் பிடித்திருந்தால் ஆட்டம் மறைந்துவிடும். ஆகவே எங்கள் வேனில் கீழ் ஆர்மின் அடியிலேயே ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது ஆட்டம் தெரிந்தது. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னோம். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்கவில்லை. கீழ் பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வற்றி, மண் ஏறியிருந்தது. அது கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். முந்தின வாரம்தான் பிரசவ வேதனைப்பட்ட ஒரு சகோதரியை இரவில் அதே வேனில் கொண்டுவந்திருந்தோம்!

இருபக்கமும் ஜாயின்ட் மாற்றி, அலைன்மென்ட் பார்த்தோம். ஷாக் அப்சார்பரைத் தொடவில்லை. தேவகிருபையால் செவ்வாய்க்கிழமை கிராம கிளினிக்கிற்கு வேன் மறுபடியும் புறப்பட்டது.