பவர் டில்லர் வாங்கும் முன் சிறு விவசாயி போட வேண்டிய கணக்கு

நம் நாட்டின் சாகுபடி நிலங்கள் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக் கொண்டு வருகின்றன. 1970-71ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 7.1 கோடி சாகுபடிப் பண்ணைகள் இருந்தன. ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 2.28 ஹெக்டேர். 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பண்ணைகளின் எண்ணிக்கை சுமார் 14.6 கோடியாகப் பெருகியிருந்தது. சராசரிப் பரப்போ 1.08 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இப்பண்ணைகளுள் சுமார் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான சிறு, குறு விவசாயிகளுடையவை.

இதே காலத்தில் உழவு மாடுகளும் குறைந்துவிட்டன. ஆண்டில் சில வாரங்களே வேலை செய்யும் ஒரு ஜோடி எருதுக்கு ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டியிருப்பது சிறு விவசாயிக்குப் பெரும் சுமையாகும். டிராக்டரோ, ஒரு ஏக்கருக்கும் குறைவான வயல்களில் திரும்பவே இடமின்றித் திணறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேவையை நிறைவு செய்ய வந்ததே, உழுபவர் பின்னால் நடந்து சென்று இயக்கும் விசை உழுவையாகிய பவர் டில்லர். இது பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், தக்க கணக்கின்றி வாங்கப்படும் கருவி கொட்டகையில் நிற்க, கடன் தவணை மட்டும் தொடர்ந்து வரும் நிலையும் ஏற்படக்கூடும். எந்த நிலையில் இதை வாங்கலாம், எந்த நிலையில் வாடகைக்கு அமர்த்துவதே நலம் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் அதன் வரலாறும்

சிறு வயல்களில் நெல் பயிரிடும் ஜப்பானில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இக்கருவி வேகமாகப் பரவியது. 1960களில் நம் நாட்டுக்கு வந்தது. பெங்களூரில் 1967இல் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியுடன் இணைந்து இதை உற்பத்தி செய்யலாயிற்று. கேரள அரசு 1973இல் நிறுவிய கேரள வேளாண் இயந்திரக் கழகமும் (காம்கோ) எர்ணாகுளம் மாவட்டத்தின் அத்தாணியில் இதைத் தயாரித்து வருகிறது. இன்று மேற்கு வங்காளம், அசாம், ஒடிசா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் இது மிகுதியாகப் பயன்படுகிறது. இவை யாவும் நெல் விளையும் பகுதிகள் என்பது கருதத்தக்கது.

பரவலாகப் பயன்படும் பவர் டில்லர் 12 அல்லது 13 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினால் இயங்குவது. அதன் எடை 400 கிலோவுக்கும் மேற்பட்டது. எஞ்சினின் விசை வி-பெல்ட்டுகள், கிளட்ச், கியர்ப் பெட்டி ஆகியவற்றின் வழியே இரு சக்கரங்களையும், பின்புறமுள்ள சுழல் கலப்பையையும் சென்றடைகிறது. சுழல் கலப்பையின் வளைந்த கத்திகள் மண்ணை வெட்டி நொறுக்கி, உழவையும் கட்டி உடைத்தலையும் ஒருசேர முடிக்கின்றன. சேற்றுழவின்போது டயர்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சக்கரங்களைப் பொருத்துவர்.

எந்த நிலத்துக்கு ஏற்றது?

சேற்றுழவில் இக்கருவி தன் முழுத் திறனையும் காட்டுகிறது. நீர் தேங்கிய வயலில் மண்ணைக் குழைத்துச் சமன் செய்யவும், வரப்பின் ஓரம்வரை சென்று உழவும், சிறிய வயலின் மூலைகளில் திரும்பவும் இதனால் இயலும். தென்னை, பாக்கு, வாழைத் தோட்டங்களில் வரிசைகளுக்கு இடையே உழுவதற்கும் ஏற்றது.

வறண்டு இறுகிய கரிசல் மண்ணில் நிலைமை வேறு. கத்திகள் மண்ணில் இறங்காமல் துள்ளும், கருவி குலுங்கும், உழுபவரின் கைகள் விரைவில் சோர்ந்துவிடும். இத்தகைய நிலங்களில் மழைக்குப் பின் மண்ணில் தக்க ஈரம் உள்ளபோதே இதை இறக்க வேண்டும். மேலும், சுழல் கலப்பை பொதுவாக 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமே உழும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதுவந்தால் அடிமண் இறுகும். நெல் வயலில் இவ்விறுக்கம் நீர் கீழே வடியாமல் தடுத்து நன்மை செய்கிறது. ஆழமாக வேர்விடும் பயிர்களுக்கோ அது தடையாகிறது. ஆகவே புன்செய் விவசாயிகள், பவர் டில்லர் வைத்திருந்தாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிராக்டரை வாடகைக்கு அமர்த்தி ஆழ உழுவது நல்லது.

மலைச் சரிவுகளின் படிக்கட்டு வயல்களுக்கு 400 கிலோ எடையுள்ள கருவியை ஏற்றுவது எளிதன்று. அங்கும், காய்கறித் தோட்டங்களிலும் எடை குறைந்த சிறு டில்லர்களும், களையெடுக்கும் சிறு விசைக் கருவிகளும் பொருத்தமானவை. விலையும் குறைவு, பெண்களும் எளிதில் கையாளலாம்.

நேரக் கணக்கு

பவர் டில்லர் ஒரு நடையில் சுமார் 60 சென்டிமீட்டர் அகலம் உழுவதாகவும், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். அப்போது மணிக்கு 1,200 சதுர மீட்டர் உழப்பட வேண்டும். திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் மிஞ்சும். ஆகவே, ஒரு ஏக்கரை ஒருமுறை உழ நான்கு மணி நேரம் பிடிக்கும்.

ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, ஆண்டுக்கு இரு போகம் பயிரிட்டு, ஒவ்வொரு போகத்துக்கும் மூன்று முறை உழுவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய சொந்த நிலத்தில் கருவிக்கு உள்ள வேலை ஆண்டுக்கு 60 மணி நேரமே. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால், எட்டு நாள் வேலைகூட இல்லை. மீதி நாட்களில் கருவி சும்மா நிற்கும். வட்டியோ ஒருநாளும் நிற்பதில்லை.

பணக் கணக்கு

கருவியின் விலை இரண்டு லட்சம் ரூபாய், ஆயுள் பத்து ஆண்டு, இறுதியில் கிடைக்கும் விலை இருபதாயிரம் ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 18,000 ரூபாய். சராசரி முதலீடான 1,10,000 ரூபாய்க்குப் பத்து சதவீத வட்டி 11,000 ரூபாய். கொட்டகை, காப்பீடு போன்றவற்றுக்கு 4,000 ரூபாய். ஆக, கருவி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு ஆகும் நிலையான செலவு 33,000 ரூபாய்.

ஓடும்போது ஆகும் செலவாக மணிக்கு டீசலுக்கு 145 ரூபாயும், எண்ணெய் மற்றும் பழுதுபார்ப்புக்கு 55 ரூபாயும், இயக்குபவர் கூலியாக 100 ரூபாயும், ஆக 300 ரூபாய் வைத்துக்கொள்வோம். ஊரில் பவர் டில்லர் வாடகை மணிக்கு 450 ரூபாய் என்றும் கொள்வோம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். விவசாயிகள் தத்தம் ஊர் நிலவரப்படி இவற்றை மாற்றிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சொந்த நிலத்தில் 60 மணி நேரம் மட்டுமே ஓடினால், நிலையான செலவு மணிக்கு 550 ரூபாயாக விழுகிறது. மொத்தச் செலவு மணிக்கு 850 ரூபாய். வாடகைக்கு அமர்த்தியிருந்தால் 27,000 ரூபாயில் முடிந்திருக்கும் உழவுக்கு, சொந்தக் கருவியால் 51,000 ரூபாய் செலவாகிறது. வாடகைக்கும் சொந்தக் கருவிக்கும் செலவு சமமாக வேண்டுமானால் கருவி ஆண்டுக்கு 220 மணி நேரம் ஓட வேண்டும்.

மானியம் கணக்கை மாற்றுமா?

2014-15ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் விதிமுறைகள், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குக் கருவி விலையில் 50 சதவீதமும், பிற விவசாயிகளுக்கு 40 சதவீதமும், கருவிக்குக் கருவி வேறுபடும் உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் வழங்க வகை செய்தன. 2025 செப்டம்பர் 22 முதல் வேளாண் இயந்திரங்கள் மீதான சரக்கு மற்றும் சேவை வரியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

விலையில் சரிபாதி மானியமாகக் கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். நிலையான செலவு 18,000 ரூபாயாகக் குறைகிறது. அப்போதும், செலவு சமமாவதற்குக் கருவி 120 மணி நேரம் ஓட வேண்டும். விவசாயி தானே ஓட்டி, தன் உழைப்புக்குக் கூலி கணக்கிடாமல் விட்டால் 72 மணி நேரம் தேவைப்படும். அதாவது, மானியம் முழுமையாகக் கிடைத்து, உழைப்பையும் இலவசமாகத் தந்தால்கூட, ஒரு ஹெக்டேர் விவசாயி செலவு சமமாகும் அளவை எட்டுவதில்லை. ஓராண்டு மழை பொய்த்து ஒரு போகம் தவறினால் நட்டம் மேலும் கூடும். மானியம் சுமையைக் குறைக்கிறது. ஆனால் கருவிக்கு வேலையை உண்டாக்குவதில்லை.

கூட்டாக வாங்குதல்

அருகருகே தலா ஒரு ஹெக்டேர் வைத்திருக்கும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால், வேலை ஆண்டுக்கு 240 மணி நேரமாகிறது. மானியம் இல்லாமலேயே செலவு மணிக்கு சுமார் 438 ரூபாயாகி, வாடகையைவிடக் குறைகிறது. உழவுப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கருவி தேவைப்படாதா என்ற கேள்வி எழலாம். நால்வரின் பத்து ஏக்கரையும் ஒருமுறை உழ 40 மணி நேரம், அதாவது ஐந்து நாள் போதும். நாற்று விடுவதில் சில நாள் முன்பின் அமைத்துக்கொண்டால் இது இடையூறாக இராது.

இதற்குக் கடன் பெறவும் வழியுண்டு. நபார்டு வங்கி ஊக்குவிக்கும் கூட்டுப் பொறுப்புக் குழுக்கள் பொதுவாக 4 முதல் 10 உறுப்பினர்களைக் கொண்டு அமைகின்றன. கூட்டு முயற்சி நிலைத்து நிற்க மூன்று ஏற்பாடுகள் அவசியம். முதலாவது, யார் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார் என்பதைக் குறிக்கும் ஏடு. இரண்டாவது, மணிக்கு இவ்வளவு என ஒவ்வொருவரும் செலுத்தும் பழுதுபார்ப்பு நிதி. மூன்றாவது, கருவிக்குப் பொறுப்பேற்கும் பயிற்சி பெற்ற ஒரே இயக்குநர். பலர் கைபட்டு ஓடும் கருவியின் பழுதுக்கு ஒருவரும் பொறுப்பேற்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மத்தியப் பிரதேசத்தின் புத்னி, அரியானாவின் ஹிசார், ஆந்திரப் பிரதேசத்தின் கார்லாதின்னே, அசாமின் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களில் மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனங்கள் உள்ளன. வாங்க எண்ணும் மாதிரிக்குச் சோதனை அறிக்கை உண்டா என்று விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். விளம்பரத்தில் கூறப்படும் குதிரைத்திறனைக் காட்டிலும் அறிக்கையில் காணும் எரிபொருள் செலவும், அதிர்வின் அளவும், குறிப்பிடப்பட்ட குறைகளும் பயனுள்ள செய்திகளாகும்.

உதிரிப் பாகங்கள் எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. கத்திகள், பெல்ட்டுகள், எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் ஆகியவை அடிக்கடி தேய்பவை. 2020 ஜூலையில் பவர் டில்லர்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது. எனவே, பழைய இறக்குமதிக் கருவியைக் கைமாற்றாக வாங்க எண்ணுவோர் உதிரிப் பாகம் பற்றிக் கூடுதலாக விசாரிப்பது நலம்.

இயக்குபவரின் நலன்

60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஹெக்டேரை ஒருமுறை உழுபவர் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நடக்கிறார். அத்துடன் கைப்பிடியின் அதிர்வும் ஓயாமல் கைகளைத் தாக்குகிறது. நீண்ட நாள் இவ்வாறு உழைப்பவருக்கு விரல்கள் மரத்துப்போகும் அபாயம் உண்டு. இடையிடையே ஓய்வெடுப்பதும், இருவர் மாறி மாறி ஓட்டுவதும் தேவை.

விபத்தைத் தவிர்க்க இரு விதிகளை மறவாதிருக்க வேண்டும். சுழல் கலப்பை சுழலும்போது கருவியைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது. கைப்பிடி மேலெழுந்து, ஓட்டுபவர் கத்திகளுக்கு அருகில் சிக்கிக்கொள்ளக்கூடும். சரிவில் இறங்கும்போது பக்கத் திருப்பக் கிளட்சுகள் சமதளத்தில் செயல்படுவதற்கு நேர்மாறாகச் செயல்படும்; இடப்பக்கம் பிடித்தால் கருவி வலப்பக்கம் திரும்பிவிடும். புதிதாக ஓட்டுபவருக்கு இதை முதல் நாளே செய்துகாட்ட வேண்டும்.

முடிவாக

சொந்த நிலமும் அக்கம்பக்கத்து வாடகை வேலையும் சேர்ந்து ஆண்டுக்கு 220 மணி நேரம் உறுதியாகக் கிடைக்குமெனில், தனியாகவே வாங்கலாம். அதற்குக் குறைந்தால் கூட்டாக வாங்கலாம். கூட்டுச் சேர ஆளில்லையெனில், நியாயமான வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் வாடகைக் கருவியே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பானது. வேளாண் இயந்திர வாடகை மையங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஊர்தோறும் பெருகினால், கருவியின் பயன் கடன்சுமையின்றியே குறு விவசாயியின் வயலைச் சென்றடையும். பருவம் தவறாமல் உழவு நடைபெறுவதே நோக்கம். அதற்குக் கருவி உரிய நாளில் வயலுக்கு வந்து சேர்ந்தால் போதும். அது நம் கொட்டகையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.