தற்செயலின் கணக்கு

ஞாயிறு எழும் நேரத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணித்துக் கூறலாம். ஆனால், அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு கடைக்கு எத்தனை பேர் வருவர் என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. வாணிகத்தில் இத்தகைய உறுதியற்ற எண்ணிக்கைகள் பல உள. அவற்றினுள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டியது கணிதத்தின் அருஞ்செயல்களுள் ஒன்றாகும்.

இரண்டு நாணயங்களை ஒருங்கே சுண்டினால் விழும் தலைகளின் எண்ணிக்கை 0, 1, 2 என்னும் மூன்றனுள் ஒன்றாகவே இருக்கும். ஆயினும், அது எது என்பது முன்னரே தெரியாது. இவ்வாறு தற்செயலாக மதிப்புப் பெறும் அளவைச் சமவாய்ப்பு மாறி என்பர். ஒன்று, இரண்டு என எண்ணத்தக்க தனித்தனி மதிப்புகளையே அது பெறுமாயின், தனிநிலைச் சமவாய்ப்பு மாறி எனப்படும்.

நாணயங்கள் விழக்கூடிய முறைகள் நான்கு: இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை, மற்றது பூ, முதலாவது பூ, மற்றது தலை. ஆகவே, தலை ஒன்றும் விழாமைக்கு நிகழ்தகவு 1/4. ஒரு தலை விழ 1/2. இரு தலைகள் விழ 1/4. இவ்வாறு மதிப்புகளையும் அவற்றிற்குரிய நிகழ்தகவுகளையும் ஒருங்கே காட்டும் பட்டியலே நிகழ்தகவுப் பரவல் ஆகும். நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை எப்பொழுதும் 1 ஆகும். ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் சராசரி கிடைக்கும். இங்கே அச்சராசரி 1 ஆகும்.

சராசரி ஒன்றே போதாதோ? பரவல் எதற்கு? இவ்வினாவிற்குச் சிறந்த விடையை டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோபனேகனில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியிலே காணலாம்.

எர்லாங் என்னும் கணித அறிஞர் 1878ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிறந்தார். பல்கலைக்கழகக் கல்வியை முடித்துச் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர் 1908ஆம் ஆண்டில் கோபனேகன் தொலைபேசிக் குழுமத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் ஒருவர் தொலைபேசியை எடுத்தவுடன் நிலையத்தில் உள்ள பணியாளரே கம்பிகளை இணைத்துத் தருவார். பணியாளர் குறைந்தால், அழைத்தவர் காத்துக் கிடப்பார். அவர் மருத்துவரை அழைப்பவராக இருப்பின், அக்காத்திருப்பு ஓர் உயிரின் முடிவாகவும் ஆகக்கூடும். பணியாளரையும் கம்பிகளையும் மிகுதியாக வைத்தாலோ, செலவு வீணாகும். எத்தனை வைத்தால் பொருந்தும் என்பதே குழுமத்தின் முன் நின்ற வினா.

அழைப்பவர் ஆயிரக்கணக்கானோர். ஒருவர் அழைப்பதை மற்றவர் அறியார். ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் ஒருவர் அழைப்பதற்குரிய வாய்ப்பு மிகச் சிறிது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும் பரவலைப் பிரெஞ்சு அறிஞர் பாய்சான் 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் கூறியிருந்தார். தொலைபேசி அழைப்புகள் தற்செயலாக வருமாயின், அப்பரவலையே பின்பற்றும் என்று எர்லாங் 1909ஆம் ஆண்டில் நிறுவினார்.

ஒரு சிறு நிலையத்திற்கு நிமிடத்திற்குச் சராசரியாக 2 அழைப்புகள் வருவதாகக் கொள்வோர் பாய்சான் பரவலின்படி கணக்கிட்டால், 100 நிமிடங்களில் ஏறத்தாழ 14 நிமிடங்களில் அழைப்பே வராது. 27 நிமிடங்களில் ஓர் அழைப்பு வரும். 27 நிமிடங்களில் இரண்டு வரும். 18 நிமிடங்களில் மூன்று வரும். 9 நிமிடங்களில் நான்கு வரும். எஞ்சிய 5 நிமிடங்களில் நான்கிற்கும் மேற்பட்டவை வரும்.

சராசரியை மட்டும் அறிந்தவர் நிமிடத்திற்கு இரண்டு அழைப்புகளை ஏற்கும் ஏற்பாடே போதும் என்று எண்ணுவார். ஆனால், 100 நிமிடங்களில் 32 நிமிடங்கள் அவரை ஏமாற்றிவிடும். நான்கு அழைப்புகளை ஏற்கும் ஏற்பாடு செய்தால், அதனை மீறும் நிமிடங்கள் 5 மட்டுமே. அவ்வைந்தையும் தவிர்க்க மேலும் செலவிடலாமா என்பதைக் குழுமத்தார் எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம். எந்த நிமிடத்தில் நெருக்கடி வரும் என்பதைப் பரவல் கூறாது. நெருக்கடி எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை அது கூறிவிடும். திட்டம் வகுப்போர்க்கு வேண்டுவது அதுவே அன்றோ?

எனினும், இக்கணக்கிற்கும் எல்லை உண்டு. ஊரில் பெருந்தீ மூண்டால், அதனைக் கண்டோர் பலரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுப்பர். அப்பொழுது அழைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் அடிப்படையே தகர்ந்துவிடும். பாய்சான் பரவலும் பொருந்தாது. ஒரு கணக்கைக் கையாள்வோர் அஃது எந்த நிலையில் மெய்யாகும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எர்லாங் 1917ஆம் ஆண்டில், அழைப்போர் காத்திருக்கும் நேரத்தையும் இணைப்புக் கிடைக்காமற் போகும் வாய்ப்பையும் கணக்கிடும் வாய்பாடுகளை வெளியிட்டார். 1929ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகிற்கு 1946ஆம் ஆண்டில் அவர் பெயரே சூட்டப்பெற்றது. வங்கியில் எத்தனை பணமுகப்புகள் வேண்டும், மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் வேண்டும் என்பன போன்ற வினாக்களுக்கும் அவர் தொடங்கிவைத்த கணிதம் இன்று பயன்படுகின்றது.

வருவதை முன்னறிந்து கூறுதல் அரிது. ஆயினும், வரக்கூடியவை எவை, ஒவ்வொன்றிற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அளந்தறிந்து, அதற்கேற்ப ஆயத்தமாதல் இயலும். சராசரியோடு நின்றுவிடாமல் பரவலையும் நோக்குவோர் பொருளையும் வீணாக்கார். தம்மை நம்பி வந்தோரையும் காக்க வையார்.