கூரை மடக்கும் காருக்கு என்ன விலை சொல்வது?



பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் என்ன செய்வார் என்று நமக்கெல்லாம் தெரியும். கல்லைக் கழற்றுவார், அழுக்கைக் கழிப்பார், உரசிப் பார்ப்பார், எடை போட்டு அன்றைய விலையால் பெருக்குவார். நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. "எங்கம்மா போட்டதுங்க" என்று கண்ணைக் கசக்கினாலும் ஒரு ரூபாய் கூடாது. இந்தக் கணக்கு தெரிந்த பெண்ணுக்குப் பழைய காருக்கு விலை போடவும் வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கோவையில் கார் பைத்தியம் அதிகம். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் பந்தய மைதானமே இருக்கிறது. என் சின்ன மாமனாரும் அந்தப் பைத்தியத்தில் ஒருவர். 2001-ல் 'சான் ஸ்டார்ம்' என்ற சிவப்பு காரை வாங்கினார். கோவாவில் தயாரான கார். இரண்டே பேர் உட்காரலாம். துணிக் கூரையைப் பின்னால் மடக்கிவிட்டால் திறந்த கார். உடம்பு ஃபைபர், எஞ்சின் ரெனால்ட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத் துடைப்பார்.

2025 ஜனவரியில் அவர் தவறிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்காகச் சின்னத்தையின் நகைகள் பேங்கில் அடகுக்குப் போயிருந்தன. நவம்பருக்குள் வட்டியோடு 2,50,000 ரூபாய் கட்டி மீட்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். வீட்டில் விற்கக் கூடியது அந்தக் கார் ஒன்றுதான்.

செய்தி பரவியதும் ஒரு புரோக்கர் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "இருபத்திநாலு வருஷ வண்டிங்கம்மா. பழைய இரும்புக்குத்தான் போவும். எழுபதாயிரம் தர்றேன், இன்னிக்கே எடுத்துக்கறேன்" என்றார். ஃபைபர் காரில் இரும்பு எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். மறுநாள் சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து, "இது ஆன்டிக்குங்க சின்னம்மா, பத்து லட்சத்துக்குக் குறைச்சு வாயத் தொறக்காதீங்க" என்றான். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். இருபத்திநாலு வருஷக் கார் பழசுதானே ஒழியப் பழம்பொருள் ஆகாது.

சின்னத்தை என்னைக் கூப்பிட்டு, "எழுபதாயிரமும் வேண்டாம், பத்து லட்சமும் வேண்டாங் கண்ணு. நாயமா என்ன வெலையோ அத நீயே பாத்துச் சொல்லு" என்றார். என் கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. அதனால் நோட்டும் பேனாவுமாக நானே உட்கார்ந்தேன்.

முதலில், விலை பேசுவதற்கு முன் விற்கிற உரிமை நம் கையில் இருக்க வேண்டும். சொந்தக்காரர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு ஆர்.சி. புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வாரிசு சான்றிதழும், சென்னையில் இருக்கும் மகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வாங்கி இதை முன்பே செய்து வைத்திருந்தோம். பேப்பர் சரியில்லாத காருக்கு வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

அடுத்தது, எதிலிருந்து கணக்கைத் தொடங்குவது? 2001-ல் வாங்கிய பில் பைலில் இருந்தது. அது செய்கூலி சேதாரம் மாதிரி, இன்றைக்கு உதவாது. இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு ஒன்று உண்டு. புதுக் கார் விலையில் ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம் என்று கழிப்பார்கள். ஐந்து வருஷம் தாண்டினால் கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்கிற மதிப்புதான். இந்தப் பட்டியல் நாலு வருஷ மாருதிக்கு உதவும். எங்கள் காருக்கு உதவாது. இதைப் போல எத்தனை கார் இருக்கிறது, எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் இதன் விலை.

அதனால் இதே கார் வைத்திருப்பவர்களைத் தேடினேன். சின்ன மாமனாரின் போன் டைரியில் பெங்களூர், கொச்சி, சென்னை என்று நாலைந்து பேர் கிடைத்தார்கள். விளம்பரங்களையும் பார்த்தேன். 2,75,000-லிருந்து 5,50,000 வரை கேட்டிருந்தார்கள். கேட்கிற விலை வேறு, கை மாறுகிற விலை வேறு. ஐந்தரை லட்சம் கேட்டவரின் கார் எட்டு மாதமாக விற்கவில்லை. "கடைசியா எவ்வளவுக்குக் கொடுத்தீங்க?" என்று விற்று முடித்தவர்களிடம் கேட்டதில் இரண்டு பதில் உறுதியாகக் கிடைத்தது. ஒன்று 3,20,000, இன்னொன்று 2,90,000. இரண்டும் நல்ல கூரையோடு நன்றாக ஓடிய கார்கள். நடுவில் 3,00,000 என்று வைத்துக்கொண்டேன். இது 'அன்றைய பவுன் விலை'.

இனி கழிக்க வேண்டியதைக் கழிக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கை ஐந்நூறு ரூபாய் கொடுத்து வீட்டுக்கே வரவழைத்தேன். விற்பனையில் பங்கில்லாதவர் சொல்வதைத்தான் நம்பலாம். அவர் பார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கூரை மடக்கும் காரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கூரை. தையல் விட்டிருக்கிறதா, பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளடித்திருக்கிறதா, ரப்பர் பீடிங் காய்ந்துவிட்டதா என்று பார்த்து, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். இடது மூலையில் சொட்டியது. அப்படிச் சொட்டினால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் தங்கும். அதனால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனால் அடிச்சட்டம் இரும்புதான். நல்ல வேளை, துரு இல்லை. ஃபைபரில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் மாறினால் அங்கே விரிசலோ ஒட்டு வேலையோ இருக்குமாம். தகரம் போல ஃபைபரைத் தட்டி நிமிர்த்த முடியாது.

டயரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். பட்டன் அப்படியே இருந்தது. "அதப் பாக்காதீங்கக்கா, இந்த நம்பரப் பாருங்க" என்றார். பக்கவாட்டில் நாலு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2312 என்றால் 2012-ல் 23-வது வாரம் செய்தது. ஓடாமலே நின்ற டயரும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் டயரிலும் இந்த எண் இருக்கிறது, பாருங்கள்.

அவர் கொடுத்த மதிப்பீட்டில் இரண்டு பாகம் பிரித்தேன். பேட்டரியும் பிரேக்கும் 11,500 ரூபாயில் முடியும். அதை நாங்களே செய்துவிட்டோம். ஸ்டார்ட் ஆகாத காருக்கு யாரும் விலை பேசமாட்டார்கள். பெரிய வேலைகளை வாங்குகிறவருக்கே விட்டுவிட்டு விலையில் கழித்தோம். கூரைத் துணியைக் கறுப்பில் போடுவதா காக்கியில் போடுவதா என்பது அவர் இஷ்டம். கூரை வேலை 28,000. நாலு டயர் 18,000. கிளட்ச் 14,000.

இன்னொரு கழிவு, ஆர்.சி. புதுப்பிப்பு. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது 2026 ஜூனில் முடிகிறது. 20 வருஷம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். எப்.சி. காட்டுகிற அலைச்சல் செலவு 4,000. ஆக 14,000. மொத்தக் கழிவு 74,000. மூன்று லட்சத்தில் போக மீதி 2,26,000.

கூட்ட வேண்டியதும் உண்டு. சின்ன மாமனார் உதிரி பாகங்களை வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பில் மதிப்பு 40,000. இந்தக் காருக்கு இப்போது பாகம் கிடைப்பது கஷ்டம் என்றாலும் பாதியாக 20,000-தான் போட்டேன். ஆக நியாயமான விலை 2,46,000. கேட்கும் விலை 2,60,000. "இதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது" என்று 2,35,000-ஐச் சீட்டில் எழுதிப் பீரோவில் வைத்தேன். ஆள் வந்து நின்ற பிறகு மனசுக்குள் கணக்குப் போட்டால் தடுமாறும்.

இரண்டு விஷயத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்று, எங்களுக்கு 2,50,000 தேவை என்பது. நம் தேவைக்கும் காரின் விலைக்கும் சம்பந்தமில்லை. அதைப் புரோக்கரிடம் சொன்னால் இன்னும் அமுக்குவார், அவ்வளவுதான். இன்னொன்று, சின்ன மாமனாரின் பாசம். "அவரு கை பட்ட வண்டி" என்று சின்னத்தை அழுதபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அதற்குப் பணம் கொடுக்க வாங்குகிறவர் கடமைப்பட்டவர் இல்லை.

ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். 2024 டிசம்பரில் கவுன்சில் முடிவு செய்த 18 சதவீத வரி, பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு, அவர்கள் லாபத்தின் மேல்தான். வீட்டுக்காரர் தன் காரை இன்னொருவருக்கு விற்றால் கிடையாது.

மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துக் காரைக் காட்டினோம். இந்தக் காருக்கு ஆள் குறைவு. மூன்று வாரத்தில் நாலு பேர்தான் வந்தார்கள். நாலாவதாக வந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் இளைஞர், மெக்கானிக்கோடு வந்தார். அவர் கேட்கும் முன்பே சின்னத்தை, "தம்பி, மழ பேஞ்சா இந்த மூலையில ஒழுகுமுங்க. கிளட்ச்சும் மாத்தோணும். எல்லாங் கழிச்சுத்தான் வெல சொல்லியிருக்குது" என்றார். நான் எழுதிய கணக்குத் தாளையே அவர் கையில் கொடுத்தேன். அவருடைய மெக்கானிக் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கூரைக்கு இன்னும் நாலாயிரம் ஆகும் என்று ஒரு வரியில் மட்டும் மறுத்தார். அது நியாயம் என்று ஒத்துக்கொண்டு 2,42,000-க்கு முடித்தோம். அதே காருக்குத்தான் எழுபதாயிரம் என்றார்கள்!

பணம் பேங்கில் ஏறிய பிறகே சாவி கொடுத்தோம். தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, விற்ற தகவலை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தோம். பெயர் மாறும் வரை அந்த வண்டி எங்காவது இடித்தால் பழைய பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும். பெயர் மாறிய ஆர்.சி. நகலைப் பார்க்கும் வரை விடாதீர்கள்.

பேட்டரி, பிரேக் செலவு போகக் கையில் நின்றது 2,30,500. நகையை மீட்க 19,500 குறைந்தது. சின்னத்தை தன் சீட்டுப் பணத்திலிருந்து போட்டுக் கொண்டார். தாலிக்கொடியும் வளையலும் அட்டிகையும் அக்டோபர் கடைசியில் வீடு வந்து சேர்ந்தன.

சகோதரிகளே, ஸ்கூட்டரோ, பிரிட்ஜோ, தையல் மெஷினோ எதை விற்றாலும் இதே கணக்குத்தான். கை மாறிய விலையை விசாரியுங்கள், பழுதைக் கழியுங்கள், கூடுதலாகக் கொடுப்பதைச் சேருங்கள், கடைசி விலையை முன்பே எழுதி வையுங்கள், குறையை மறைக்காதீர்கள். "பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்தால், அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்.