முறிந்த முதுகும் 304 விக்கெட்டும்

டெஸ்ட் கிரிக்கெட்டில் டென்னிஸ் லில்லி எடுத்தது 355 விக்கெட். ஓய்வு பெற்றபோது உலகில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டிருக்கவில்லை. அதில் 304 விக்கெட்டுகள் அவருடைய முதுகெலும்பு முறிந்த பிறகு கிடைத்தவை. முறிவுக்கு முன்பு அவர் ஆடியது 11 டெஸ்ட், எடுத்தது 51 விக்கெட். 23 வயதில் "இனி இவரால் வேகமாக வீச முடியாது" என்று பலரும் கணக்கை முடித்துவிட்ட ஒரு மனிதர், அதன்பின் இன்னும் 59 டெஸ்ட் ஆடினார்.

அலுமினிய பேட் விவகாரமும், மியான்டாடுடன் நடந்த மோதலும் கிரிக்கெட் ரசிகர்கள் நூறு முறை கேட்ட கதைகள். அவர் ஓடி வரும்போது மைதானமே பெயர் சொல்லிக் கோஷம் போட்டதும் தெரிந்ததுதான். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அவர் டெஸ்டே ஆடாமல் இருந்த 21 மாதங்கள். வேகப்பந்து வீச்சாளர் ஆக வேண்டும் என்று விடியற்காலையில் கிட் பையோடு கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு, லில்லியின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாடம் எதுவும் இல்லை.

பெர்த்திலிருந்து வந்த புயல்

1949ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரை ஒட்டிய சுபியாகோவில் பிறந்தவர் லில்லி. வங்கி வேலை பார்த்துக்கொண்டே கிரிக்கெட் ஆடியவர். 1971 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே 84 ரன்னுக்கு 5 விக்கெட். அதே ஆண்டு டிசம்பரில் பெர்த்தில் உலக லெவன் அணியை 59 ரன்னில் சுருட்டியபோது, அவர் கணக்கில் 29 ரன்னுக்கு 8 விக்கெட். சோபர்ஸும் கவாஸ்கரும் இருந்த அணி அது. 1972ல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 31 விக்கெட்.

அப்போதைய லில்லியிடம் இருந்தது வேகம் ஒன்றுதான். நீண்ட ரன்-அப், கிரீஸுக்கு வந்ததும் உடம்பை முறுக்கி எறிகிற வீச்சு. ஒவ்வொரு பந்தும் கடைசிப் பந்து என்பதுபோல் வீசினார். 1973 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான சிட்னி டெஸ்டில் முதுகு வலித்தது. வலியோடு வீசினார், அணியும் ஜெயித்தது. அடுத்த மாதம் மேற்கிந்தியத் தீவுகளில் கிங்ஸ்டன் டெஸ்டில் ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தொடரில் அதன்பின் அவர் ஆடவே இல்லை. கீழ் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர்.

கீழே விழுந்தோ, அடிபட்டோ வருகிற முறிவு அல்ல இது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அங்கே மெல்லிய கோடு விழுமே, அப்படி எலும்பில் விழும் கோடு. முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் வீச்சாளரின் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை காலில் இறங்கி முதுகுவரை ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ள பையன் என்றால் 300 கிலோவுக்கு மேல். அதே நொடியில் முதுகு வளைகிறது, ஒரு பக்கம் சாய்கிறது, திரும்புகிறது. வலது கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் விரிசல் விழும். ஒரு நாளில் 20 ஓவர் வீசினால் 120 முறை இது நடக்கிறது.

நின்றதால் நிலைத்தார்

லில்லிக்கு முதுகைச் சுற்றிப் பிளாஸ்டர் கட்டுப் போட்டார்கள். வாரக்கணக்கில் அந்தக் கூட்டுக்குள் இருந்தார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி நிபுணர் ஃபிராங்க் பைக் வகுத்த பயிற்சிகள். வயிற்றுத் தசை, முதுகுத் தசை, ஓட்டம் என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினார்கள். விளையாட்டு அறிவியல் என்ற பேச்சே கிரிக்கெட் மைதானத்தில் அதிகம் கேட்காத காலம் அது. 1973-74 சீசனில் பெர்த் கிளப் ஆட்டங்களில் அவர் பேட்ஸ்மேனாக இறங்கினார். உலகின் அதிவேக வீச்சாளர்களில் ஒருவர், பந்தைத் தொடாமல் கிளப் அணிக்கு ரன் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

1974 நவம்பர் கடைசியில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். மறுமுனையில் ஜெஃப் தாம்சன். அந்த ஆஷஸ் தொடரில் தாம்சனுக்கு 33 விக்கெட், லில்லிக்கு 25. அடுத்த ஜூனில், முதல் உலகக் கோப்பையில், பாகிஸ்தானுக்கு எதிராக 34 ரன்னுக்கு 5 விக்கெட். ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை.

திரும்பி வந்தவர் பழைய லில்லி அல்ல. வீச்சைச் சீர்படுத்தியிருந்தார். போகப் போக ரன்-அப்பைக் குறைத்தார், லெக் கட்டரைக் கூர்தீட்டினார், எப்போது முழு வேகம், எப்போது முக்கால் வேகம் என்று கணக்குப் போட்டார். 1977ல் மெல்போர்ன் நூற்றாண்டு டெஸ்டில் 11 விக்கெட் எடுத்துத் தோளில் தூக்கிச் செல்லப்பட்டவர், முதுகு காரணமாக அடுத்து வந்த இங்கிலாந்துப் பயணத்துக்குப் போகவில்லை. புகழின் உச்சியில் நிற்கும்போது "இப்போது முடியாது" என்று சொல்லும் தெளிவு 1973 கற்றுக்கொடுத்தது.

பலன் 1981ல் தெரிந்தது. 32 வயதில், அந்த ஒரே ஆண்டில் 85 டெஸ்ட் விக்கெட். அந்த டிசம்பரில் மெல்போர்னில் லான்ஸ் கிப்ஸின் 309 விக்கெட் உலக சாதனையைத் தாண்டினார். முதல் நாளின் கடைசிப் பந்தில் விவியன் ரிச்சர்ட்ஸை பௌல்டு ஆக்கியதும் அதே ஆட்டத்தில்தான். 1984 ஜனவரியில் சிட்னியில் விடைபெற்றபோது 70 டெஸ்ட், 355 விக்கெட், சராசரி 23.92.

சேத்துப்பட்டு மைதானத்தில்

ஆசிய மண்ணில் லில்லி ஆடியது நான்கே டெஸ்ட்: பாகிஸ்தானில் மூன்று, கண்டியில் ஒன்று. கிடைத்தது ஆறே விக்கெட். இந்தியாவில் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. ஆனால் 1987ல் சென்னையில் வேகப்பந்துப் பயிற்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டபோது அதற்கு வழிகாட்ட வந்தவர் அவர்தான். 2012வரை, கால் நூற்றாண்டு, ஆண்டில் சில வாரங்கள் வந்து போனார். மற்ற நாட்களில் தமிழ்நாட்டின் டி.ஏ.சேகர் போன்றவர்கள் அவர் சொன்னதைக் களத்தில் நடத்திக் காட்டினார்கள்.

சேத்துப்பட்டு பள்ளி மைதானத்தில் நடந்த அந்தப் பயிற்சிக்கு ஸ்ரீநாத் வந்தார், வெங்கடேஷ் பிரசாத் வந்தார், ஜாகீர் கான் வந்தார். இலங்கையிலிருந்து சமிந்த வாஸ் வந்தார். வாஸ் டெஸ்டில் எடுத்த விக்கெட்டும் சரியாக 355. வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த சச்சின் டெண்டுல்கரைப் பேட்டிங்கைப் பார்க்கச் சொல்லி அனுப்பியதும் இங்கேதான்.

லில்லி அங்கே வேகத்தைக் கற்றுக்கொடுத்தார் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அவர் கற்றுக்கொடுத்தது முதுகைக் காப்பாற்றும் வித்தை. கால் ஊன்றும்போது இடுப்பு பேட்ஸ்மேனை நேராகப் பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பி நின்றால் நடுவில் உள்ள முதுகு முறுக்கப்படும். இதைக் கலப்பு வீச்சு என்பார்கள். ஒன்று இரண்டும் பக்கவாட்டில் இருக்கட்டும், இல்லை இரண்டும் நேராக இருக்கட்டும். மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1980களில் இளம் வீச்சாளர்களைத் தொடர்ந்து கவனித்து இதன் ஆபத்தை எடுத்துச் சொன்னார்கள். லில்லி அதைத் தன் முதுகிலேயே படித்தவர்.

அவருடைய கடைசிப் பெரிய மாணவர்களில் ஒருவர் பாட் கம்மின்ஸ். 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட். ஓர் இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட், வெற்றி ரன்னும் அவர் பேட்டிலிருந்து, ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அடுத்த டெஸ்டை அவர் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் ஐந்தாண்டுக்கும் மேல் காயங்கள், அதிலும் முதுகு திரும்பத் திரும்ப. அந்தக் காலத்தில் பெர்த்துக்குப் போய் லில்லியிடம் வீச்சைத் திருத்திக்கொண்டார். அதன்பின் ஆஸ்திரேலிய கேப்டன், 2023ல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப், அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை. அந்த டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 20.5 கோடி ரூபாய். 2025 ஜூனில் லார்ட்ஸில் 300வது டெஸ்ட் விக்கெட். ஐந்தாண்டு காத்திருந்த முதுகு சம்பாதித்தது இத்தனையும்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. டிரினிடாடின் இயான் பிஷப் 21 டெஸ்டில் 100 விக்கெட்டைத் தொட்டவர். முதுகு இரண்டு முறை அவரைப் படுக்க வைத்தது. 161 விக்கெட்டோடு முடிந்துவிட்டது. நியூசிலாந்தின் ஷேன் பாண்ட் 22 சராசரியில் விக்கெட் எடுத்தவர். ஆடியதோ 18 டெஸ்ட்தான். நம் பும்ராவுக்கு 2019ல் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர், 2023ல் அறுவை சிகிச்சை, 2025 தொடக்கத்தில் சிட்னியில் மறுபடி முதுகு.

யார் கணக்கு வைப்பது?

என் கவலை பும்ராவைப் பற்றியது அல்ல. அவரைச் சுற்றி மருத்துவரும் ஃபிசியோவும் இருக்கிறார்கள். வேலூரிலோ விருதுநகரிலோ பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டு, யூடியூபில் பும்ராவின் யார்க்கரைப் பார்த்து வீசிப் பழகும் பையனைப் பற்றித்தான் கவலை. கீழ் முதுகெலும்பு முழு உறுதி பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். திடீரென்று உயரம் கூடும் 14, 15, 16 வயதுதான் மிக ஆபத்தான பருவம். நம் ஊரில் பையனை அதிகமாக வீசவைப்பதும் அந்த வயதில்தான்.

அவனுடைய வாரத்தைப் பாருங்கள். காலையில் அகாடமி நெட்ஸ். மாலையில் பள்ளி அணி. சனிக்கிழமை மாவட்டத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை தெரு அண்ணன்மார் நடத்தும் டென்னிஸ் பால் டோர்னமென்ட். சிமென்ட் தளத்தின் மேல் மேட் விரித்த பிட்ச், தேய்ந்த ஷூ. அகாடமி கோச்சுக்கு அவர் வீசவைத்த ஓவர் மட்டும் தெரியும்; பள்ளி பி.இ.டி. சாருக்கு அவர் வீசவைத்தது மட்டும் தெரியும். இருவருமே நல்லவர்கள், இருவருமே அளவாகத்தான் வீசவைக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நன்றாக வீசுகிறான் என்பதாலேயே கூடுதலாக வீசுகிறான். திறமைசாலியின் முதுகுதான் முதலில் போகிறது.

இங்கிலாந்தில் இளம் வீச்சாளர்களுக்கு எழுதப்பட்ட வரம்பு பல ஆண்டுகளாக இருந்து வந்தது. 13 வயதுக்குட்பட்டவர் ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவருக்கு மேல் வீசக் கூடாது என்றிருந்தது. 15 வயதுவரை 6 மற்றும் 12. 19 வயதுவரை 7 மற்றும் 18. ஆட்டத்துக்கு மட்டுமல்லாமல் நெட்ஸுக்கும் வரம்பு இருந்தது.

"நிறைய வீசினால்தான் உடம்பு இறுகும், கபில்தேவ் 131 டெஸ்ட் ஆடினாரே" என்று சொல்பவர்கள் உண்டு. கபில்தேவ் காயத்துக்காக ஒரு டெஸ்டைக்கூட விட்டதில்லை என்பது உண்மைதான். கோடியில் ஒருவருக்கு அமையும் உடம்பு அது. அதை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விதி எழுத முடியாது.

ஒருவருக்கு நான்கே ஓவர் தரும் டி20 கிரிக்கெட் முதுகுக்கு நல்லதுதானே என்றும் கேட்கலாம். 24 பந்து வீசுவதில் கெடுதல் இல்லை. இரண்டு மாதம் நான்கு நான்கு ஓவராக வீசிவிட்டு, அடுத்த வாரமே ஒரு நாளில் 20 ஓவர் வீசச் சொல்வதில்தான் கெடுதல். எலும்புக்கு ஏற்றம் மெதுவாக இருக்க வேண்டும். அதோடு, ஏலத் தொகையைப் பார்த்துப் பழகிய வீடுகளில் இன்னொரு அவசரமும் புகுந்துவிட்டது. "இந்த வருடம் செலெக்‌ஷனில் விட்டுவிட்டால் போச்சு" என்று மாத்திரை போட்டுக்கொண்டு வீசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வலியோடு ஓர் ஆட்டம் ஜெயிக்கலாம். சிட்னியில் லில்லியின் அணியும் ஜெயித்தது. அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமான காரியமில்லை. பையனின் கிட் பையில் ஒரு நோட்டு. ஆட்டம், நெட்ஸ், தெரு எல்லாம் சேர்த்து இன்று எத்தனை பந்து என்று அவனே எழுதட்டும். ஒவ்வொரு கோச்சும் அதைப் பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுக்கட்டும். ஆண்டில் சில மாதங்கள் வீச்சே இல்லாமல் நீச்சல், ஓட்டம், பேட்டிங் என்று கழியட்டும். கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்று சொன்னால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் எலும்பு கூடிவிடும். தைலம் தேய்த்து மூன்று மாதம் ஓட்டினால் கூடாமலே போகலாம்.

லில்லி திரும்பி வந்தபோது அவருக்கு 25 வயது. கம்மின்ஸுக்கு 23. இருவருக்கும் பெரிய வாழ்க்கை அதன்பிறகுதான் தொடங்கியது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 15 வயதுப் பையனின் முதுகுக்கு ஓர் ஆறு மாதம் கொடுக்க முடியாத அவசரம் நமக்கு என்ன?