மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு: சட்டம் தரும் உரிமையும் அதைப் பெறும் வழியும்

மனநலப் பிரிவில் உள்நோயாளியாக இருந்து வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரை மாற்றி எழுதித் தர இயலுமா என்பதே அது. தலைவலி, நரம்புத் தளர்ச்சி, வயிற்றுப்புண் என எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்பார்கள். மகளுக்கு வரன் பார்க்க வேண்டும், மகனின் வேலை நிலைக்க வேண்டும், உறவினர் வாயில் விழக்கூடாது என்னும் அச்சங்கள் எங்களுக்குப் புரிகின்றன. ஆயினும் பொய்யான மருத்துவ ஆவணத்தை நாங்கள் எழுத முடியாது. அடுத்த முறை இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அந்தத் தாளை நம்பித்தான் ஊசி போடப்போகிறார். அதைவிடக் குடும்பங்கள் அறியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்றைய சட்டப்படி, நோயின் உண்மைப் பெயர் ஆவணத்தில் இருந்தால்தான் காப்பீட்டு உரிமையைக் கேட்டுப் பெற முடியும். வயிற்றுப்புண் என்று எழுதி மனநல மருந்துகளுக்கான பில்லை இணைத்தால் காப்பீட்டு நிறுவனம் அதை நிராகரிப்பதில் வியப்பேதும் இல்லை.

பத்தாண்டுகளுக்கு முன்பு பெயரை உள்ளபடி எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அன்றைய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை, எவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று கூறும் விலக்குப் பட்டியலில் மனநோயையும் சேர்த்திருந்தன. அழகுக்கான அறுவைச் சிகிச்சையும் அதே பட்டியலில்தான் இருந்தது. இரத்தக் குழாய் அடைப்புக்கு இலட்சக்கணக்கில் தரும் நிறுவனம், மனச்சிதைவுக்காக மூன்று வாரம் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு ரூபாயும் தராது. அந்த நிலையை மாற்றியது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017.

சட்டம் வந்த வழி

இந்தச் சட்டத்திற்கு முன்பிருந்தது 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அதற்கும் முன்பு ஆங்கிலேயர் காலத்து 1912ஆம் ஆண்டுச் சட்டம். நோயாளியை மனநல விடுதியில் எப்படிச் சேர்ப்பது, எப்படி வெளியே விடுவது, அவர் சொத்தை யார் நிர்வகிப்பது என்பனவே அவ்விரண்டின் முதன்மைக் கவலைகள். நோயாளி என்ன விரும்புகிறார் என்ற கேள்விக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பியோட வழியின்றி இறந்தனர். உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2007இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதற்கேற்பப் பழைய சட்டத்தை மாற்ற வேண்டிய கடமை எழுந்தது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, 2016 ஆகஸ்டில் அங்கும், 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறி, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்பது இப்போது சட்டத்தின் 95ஆம் பிரிவில் எழுத்திலேயே இருக்கிறது.

காப்பீடு பற்றிய சொற்கள் 21ஆம் பிரிவில் வருகின்றன. அப்பிரிவின் தலைப்பு காப்பீடு அன்று. சமத்துவம், பாகுபாடின்மை என்பதாகும். உடல்நோயாளிக்குக் கிடைக்கும் ஆம்புலன்ஸ் மனநோயாளிக்கும் அதே முறையில் கிடைக்க வேண்டும்; அவசரச் சிகிச்சை வசதிகளும் அவ்வாறே. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. இவற்றின் தொடர்ச்சியாக நான்காம் உட்பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தர வேண்டும் என்கிறது. காப்பீட்டைச் சலுகையாகக் கருதாமல் சம உரிமையின் ஒரு கூறாக வைத்தது பொருத்தமானது என்பது எங்கள் கருத்து.

சட்டம் வந்தவுடன் நிறுவனங்கள் மாறிவிடவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2018 ஆகஸ்டில் இதற்கான சுற்றறிக்கை அனுப்பியது. 2021 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் முன் ஒரு வழக்கு வந்தது. பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டிருக்கிறது எனக் காட்டி ஒரு பெண்ணின் மருத்துவச் செலவை நிறுவனம் மறுத்திருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே அத்தகைய விலக்கு செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் தயங்கிய நிறுவனங்களுக்கு, 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளிலும் மனநோயைச் சேர்க்க வேண்டும் என்று ஆணையம் கெடு விதித்தது. ஆகவே உங்கள் கையிலுள்ள பழைய பாலிசித் தாளில் மனநோய் விலக்கு என்று அச்சாகியிருந்தாலும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

எங்கே குறைகிறது

அதே அடிப்படை என்னும் சொற்களில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. நம் நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் 24 மணி நேரமாவது சேர்ந்திருந்தால்தான் செயல்படும். எலும்பு முறிவுக்கும் குடல்வால் அழற்சிக்கும் அது போதும். மனநோய்க்கோ செலவின் பெரும்பகுதி புறநோயாளிப் பிரிவில்தான் நிகழ்கிறது. மாதந்தோறும் மருந்து, லித்தியம் உட்கொள்வோருக்கு இரத்தப் பரிசோதனை, வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசனை, ஒவ்வொரு வருகைக்கும் துணைக்கு வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலி. சர்க்கரை நோயாளிக்கும் வெளிப்பிரிவுச் செலவு கிடைப்பதில்லை, எனவே இங்கும் சமம்தான் என்று நிறுவனம் சொல்லலாம். எழுத்தளவில் அது சரி. மருத்துவமனையில் சேராமலே நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதைத்தான் நாங்கள் நல்ல சிகிச்சை என்கிறோம் என்பதால், நன்றாகச் சிகிச்சை பெறுபவருக்குக் காப்பீடு மிகக் குறைவாக உதவுகிறது. வெளிப்பிரிவுச் செலவையும் ஏற்கும் பாலிசிகள் சில உள்ளன. புதிதாக எடுப்போர் அதைக் கேட்டு எடுப்பது நல்லது.

குடிநோயும் போதைப் பழக்கமும் தனித்துச் சொல்ல வேண்டியவை. சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். ஆனால் பாலிசிகளின் வழக்கமான விலக்குகளில் மது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சை இன்னும் இருக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் நோயாளிதான் அலைகிறார். இவ்வகைச் சிகிச்சைக்குச் சேருவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

பணம் கோரும்போது

புதிய பாலிசிக்கான விண்ணப்பத்தில் நோய் குறித்த கேள்விக்கு உண்மையையே எழுத வேண்டும். மறைத்து எழுதிய பாலிசியில், மூன்றாண்டு பிரீமியம் கட்டிய பிறகும், மாரடைப்புக்கான கோரிக்கைகூட மறுக்கப்பட வாய்ப்புண்டு. உண்மையைச் சொன்னால் காத்திருப்புக் காலம் வரும். முன்பே இருந்த நோய்களுக்கு அது இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள். 2024க்கு முன்பு 48 மாதங்களாக இருந்தது. காத்திருப்பது கசப்பானதுதான். ஆனால் அந்தக் காலம் முடிந்தபின் எவரும் பழைய சீட்டுகளைத் தோண்டிப் பார்த்து உங்களை மறுக்க இயலாது.

மருத்துவமனையில் சேரும் நாளிலேயே பாலிசி அட்டையைக் காப்பீட்டு மேசையில் கொடுத்து முன் அனுமதி கோருங்கள். மறுத்தால் வாய்மொழியாக விட்டுவிடாமல், எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளில்தான் மேற்கொண்டு செய்யக்கூடியதெல்லாம் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு 21ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் உள்ளது. 50 இலட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கு ஏற்பார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்; சிகிச்சையின் களைப்பில் குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தக் காலக்கெடுவைத்தான்.

காப்பீடு இல்லாதவர்களுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்கள், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரிமையுள்ளவர்கள். வீடற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் இதே உரிமை உண்டு.

இரகசியம் வெளியாகிவிடாதா என்று கேட்பீர்கள். நோயாளியின் விவரங்களைக் காப்பது 23ஆம் பிரிவின்படி எங்கள் சட்டக் கடமை. காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கைக்குத் தேவையானவற்றை, நோயாளியின் இசைவுடன் மட்டுமே அனுப்புகிறோம். அவருடைய மேலாளருக்கோ, வரன் பார்க்கும் வீட்டாருக்கோ, விசாரிக்க வரும் உறவினருக்கோ நாங்கள் எதையும் சொல்வதில்லை.

யாருடைய முடிவு?

சட்டத்தின் மற்றொரு பாதி குடும்பங்களுக்கு எளிதாக இருப்பதில்லை. மனநோய் உள்ளவர் என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது. சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா, அதன் விளைவை உணர்கிறாரா, தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கிறாரா என்பதே அளவுகோல். பிறருக்குத் தவறாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பது மட்டும் திறனின்மைக்குச் சான்றாகாது. "அப்படியானால் பணம் கட்டும் எங்களுக்கு என்ன உரிமை?" என்று ஒரு தந்தை எங்களைக் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருப்பவருக்கும் வேலையை விட்டுவிட்டு வருபவருக்கும் இந்தச் சட்டம் செய்திருப்பது குறைவுதான்.

எனினும் குடும்பத்தின் கை முழுதும் கட்டப்படவில்லை. நோயாளி தன்னையோ பிறரையோ தாக்கவோ அச்சுறுத்தவோ முற்பட்டாலும், ஆபத்து நேரும் அளவுக்குத் தன்னைப் பேணிக்கொள்ள இயலாமல் போனாலும், 89ஆம் பிரிவின்படி அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாட்கள் வரை சேர்த்துச் சிகிச்சை அளிக்கலாம். அதற்கு இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். ஏழு நாட்களுக்கு ஒருமுறை நோயாளியின் முடிவெடுக்கும் திறனை நாங்கள் மறுபடி பார்க்க வேண்டும். மனநல மீளாய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நோயாளி அந்த வாரியத்திடம் முறையிடவும் செய்யலாம்.

இங்கு நியமனப் பிரதிநிதி யார் என்பது பெரிதாகிறது. பதினெட்டு வயது நிறைந்த எவரும் தாமே ஒருவரைத் தேர்ந்து, வெள்ளைத் தாளில் எழுதி, கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும். கணவரா, அக்காவா, நண்பரா என்பது அவர் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் செய்யலாம். யாரையும் குறிப்பிடாவிட்டால் உறவினர், பிறகு பராமரிப்பவர் என்று சட்டம் தானே வரிசை வகுக்கும். சொத்துத் தகராறு உள்ள வீடுகளில் இந்த வரிசை யாரிடம் கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்னறிவுறுத்தல் என்பது இதற்கு அடுத்த படி. மீண்டும் நோய் முற்றித் தன்னால் முடிவெடுக்க இயலாதபோது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைப்பது. தனக்கு முன்பு கடுமையான நடுக்கத்தைத் தந்த ஒரு மருந்தை மறுபடி தரக்கூடாது என்று ஒருவர் எழுதலாம். மின்னதிர்வுச் சிகிச்சையில் நலம் பெற்ற வேறொருவர், தேவைப்பட்டால் அதையே தாமதமின்றித் தாருங்கள் என்றும் எழுதலாம். அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது. மற்ற நேரங்களில் நாங்கள் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர்கள். ஏற்க இயலாவிட்டால் வாரியத்திடம்தான் போக வேண்டும்.

இவ்விரண்டையும் எழுதச் சரியான வேளை, நோய் தணிந்து மூன்று நான்கு மாதங்கள் கடந்து, நோயாளியும் குடும்பமும் ஒரே மேசையில் அமைதியாகப் பேச முடிகிற வேளை. அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது பாலிசிப் பத்திரத்தின் நகலையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து வாருங்கள். எங்கள் பிரிவின் மருத்துவச் சமூகப் பணியாளர் உங்களுடன் உட்கார்ந்து எழுத உதவுவார்.