பழைய கார் நடு வழியில் நிற்பது ஏன்?

சித்திரை மாதம். உச்சி வெயில். சேலத்தில் இருந்து நாமக்கல்லுக்கு ஒரு குடும்பம் கலியாணத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். தாத்தா காலத்து அம்பாசடர் கார். தூரம் சுமார் 50 கிலோ மீட்டர் தான். மல்லூர் தாண்டியதும் என்ஜின் ஒரு முறை விக்குகிறது. மறு முறை விக்குகிறது. நின்று விடுகிறது.

பெட்ரோல் இருக்கிறது. பாட்டரி புதிது. சாவியைத் திருகினால் செல்ப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் என்ஜின் உயிர் பெறவில்லை.

பக்கத்துப் பட்டறையில் இருந்து ஒருவர் வருகிறார். மூடியைத் தூக்கிப் பார்க்கிறார். "காயில் போச்சுங்க. மாத்திரலாமுங்க" என்கிறார். மாற்றுகிறார்கள். கார் கிளம்புகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆண்டகளூர் கேட் வருகிறது. கார் மறுபடியும் நின்று விடுகிறது!

காயில் மேல் குற்றம் இல்லை. காயிலுக்கு வரும் வயரில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. கழற்றி மாட்டியபோது அது சற்று நேரம் ஒட்டிக் கொண்டது. அதனால் தான் கார் கிளம்பியது. காசு போனது, நோய் போகவில்லை.

பொறி எப்படி வருகிறது?

பெட்ரோல் என்ஜினுக்குப் பெட்ரோலும் காற்றும் மட்டும் போதாது. சரியான நேரத்தில் ஒரு நெருப்புப் பொறியும் வேண்டும். பாட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். பிளக் முனையில் பொறி பறக்கப் பல ஆயிரம் வோல்ட் தேவை. 12-ஐ ஆயிரக்கணக்கில் உயர்த்துவது தான் காயிலின் வேலை.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று தடித்த கம்பி. சில நூறு சுற்று. மற்றது மயிர் போல மெல்லிய கம்பி. பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால், மெல்லிய கம்பியில் பெரிய வோல்டேஜ் பிறக்கிறது. துண்டிப்பது யார்? டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். அது திறக்கும் இடைவெளி, ஓர் அங்குலத்தை 1,000 பங்காக்கினால் அதில் ஏறக்குறைய 15 பங்கு தான்!

நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 6,000 பொறி வேண்டும். அதாவது, வினாடிக்கு 100. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த முறையை காடிலாக் காரில் கொண்டு வந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இதே முறையில் தான் ஓடின.

பல கை பட்ட வயர்

அம்பாசடர் கார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசு. 1950-களின் கடைசியில் வந்தது. 2014-இல் உற்பத்தி நின்றது. சென்னையில் 1961-இல் இருந்து செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இங்கிலாந்து மரபு தான். இந்த மரபில் வயர்களுக்கு நிறம் உண்டு. லூகாஸ் கம்பெனி பரப்பிய வழக்கம் அது. பழுப்பு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை வயரில் சாவியைத் திருகினால் மட்டும் வரும். காயிலுக்குப் போவது அது தான். பச்சை, பியூசைத் தாண்டி வருவது. கறுப்பு, எர்த்.

இன்று ஒரு பழைய காரின் மூடியைத் திறந்தால் இந்த நிறம் எல்லாம் எங்கே? ஒருவர் ஹாரன் மாற்றினார். ஒருவர் டைனமோவை எடுத்து விட்டு ஆல்டர்னேட்டர் வைத்தார். திருடன் பயத்தில் ஒருவர் டாஷ்போர்டுக்கு அடியில் ரகசிய சுவிட்சு வைத்தார். அவர் காரை விற்றபோது அந்த ரகசியத்தைச் சொல்ல மறந்து விட்டார்! சாமான் கிடைக்காத காலத்தில் கையில் கிடைத்ததைப் போட்டு வண்டியை ஓட்டினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயரை என்ஜின் மேல் ஓட்டினால், அதிர்ச்சியில் அது உள்ளுக்குள் முறியும். மேல் உறை முழுதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

நாமக்கல் வட்டாரத்தில் வயரிங் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் அந்த வண்டிகள் டீசலில் ஓடுபவை. டீசல் என்ஜினுக்குப் பொறியே வேண்டாம். பாயிண்ட்டைக் கையால் தொட்டுப் பழகியவர்கள் முன்னைவிடக் குறைவு தான்.

ஒரு பல்பு போதும்

தெரிந்தவர் செய்யும் சோதனை எளிது. முதலில் காரை நியூட்ரலில் நிறுத்தி, கை பிரேக் போடுவார். பெட்ரோல் வாசனை அடித்தால் வேலையைத் தொடங்க மாட்டார். பிறகு டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி, மரப்பிடி உள்ள இடுக்கியால் பிடித்து, என்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைப்பார். ஒருவர் செல்ப் போட வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று பாய்ந்தால் காயில் வரை சரி. கோளாறு மூடியிலோ, ரோட்டரிலோ, பிளக்கிலோ இருக்கும். பெட்ரோல் வரும் வழியிலும் இருக்கலாம். பொறி இல்லை என்றால் பின்னோக்கித் தேட வேண்டும்.

இதற்கு 12 வோல்ட் பல்பு ஒன்றும், இரண்டு துண்டு வயரும் போதும். ஒரு முனை என்ஜின் இரும்பில். மறு முனை காயிலுக்குச் சாவியில் இருந்து வயர் வரும் முனையில். சாவியைப் போடுங்கள். பல்பு எரிகிறதா? எரியாவிட்டால் காயிலைத் தொட வேண்டாம். கோளாறு சாவிக்கும் காயிலுக்கும் நடுவில். மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது.

எரிந்தால், பல்பின் முனையைக் காயிலின் மறு பக்கம், அதாவது டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு மாற்ற வேண்டும். என்ஜினைச் சுற்றினால் பல்பு மினுக்கி மினுக்கி எரிய வேண்டும். பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதற்குப் போகும் வயர் அறுந்து விட்டது. எரியவே இல்லை என்றால் அந்த வயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. இல்லையேல் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. காயிலைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இது தான். முன்னால் அல்ல!

சோக் கம்பி சுடுகிறதா?

என்ஜின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் என்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு தடித்த பட்டை இருக்கும். என்ஜினை இறக்கி ஏற்றியவர் அதை மாட்ட மறந்தால் என்ன ஆகும்? செல்ப் போடும்போது மின்சாரம் திரும்பிப் போக வழி தேடும். சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி வழியாகப் போகும். சோக் கம்பி கையைச் சுட்டால் எர்த் பட்டையைப் பாருங்கள்.

கடையில் வாங்கும் காயிலிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று 3 ஓம் அளவு மின்தடை உள்ளது. நேராக 12 வோல்ட்டில் வேலை செய்யும். மற்றது அதில் பாதி. அதற்கு வெளியே தனி ரெசிஸ்டர் வேண்டும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டாவதை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் கருகும். காயில் கொதிக்கும். மே மாத வெயிலில் கார் நிற்கும், ஆறினால் கிளம்பும்.

சோதனைக்குப் போட்ட வயர்

பாட்டரியில் இருந்து காயிலுக்கு நேராக ஒரு வயர் போட்டுப் பார்ப்பது உண்டு. அப்போது என்ஜின் ஓடினால், சாவிப் பக்கம் தான் கோளாறு என்று தெரிந்து விடும். நல்ல சோதனை. ஆனால் பல கார்களில் அந்த வயர் அப்படியே தங்கி விட்டது! "ஓடுதுல்ல, விடுங்க" என்று மூடியைச் சாத்தி விடுகிறார்கள்.

பிறகு சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது. வேறு விதமாக நிறுத்தினாலும், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயிலில் 4 ஆம்பியர் ஓடிக் கொண்டே இருக்கும். 10 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி காலி. விடியும்போது பாட்டரி செத்திருக்கும், காயில் வெந்திருக்கும். அந்த வயருக்கு பியூசும் கிடையாது. உறை தேய்ந்து பாடியில் உரசினால் வயர் பழுக்கக் காயும். பக்கத்தில் தான் கார்புரேட்டர், அதில் பெட்ரோல்.

காரை வயர்மேனிடம் விட்டால், அந்த வயரைக் காட்டி, எடுக்கச் சொல்லுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிக் கொள்ளுங்கள். டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். ரகசிய சுவிட்சு இருந்தால் அதை மட்டும் தாளில் எழுத வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வைத்தால் போதும்.