டர்போவைக் கழற்ற முன் பிறீதர் பைப்பைப் பாருங்கள்

கல்முனைக்குடியிலிருந்து கொழும்புக்கு இரவில் புறப்படும் வேன்களில் பலவிதமான பயணிகள் இருப்பார்கள். மஹரகம வைத்தியசாலையில் கிளினிக் உள்ளவர்கள், கட்டுநாயக்கவில் விமானம் ஏறவேண்டியவர்கள், புறக்கோட்டையில் சரக்கு எடுக்கும் புடவைக் கடைக்காரர்கள். இந்த ஓட்டத்துக்கு அதிகம் விரும்பப்படுவது, செஸி இலக்கத்தின் முன்னெழுத்துகளை வைத்து நாம் 'கே.டி.எச்.' என்று அழைக்கும் டொயோட்டா ஹைஏஸ் டீசல் டர்போ வேன்தான்.

இந்த வேன்களைச் சுற்றி ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. மலை ஏறும்போது நீலப் புகை வருகிறது, ஒயில் குறைகிறது. கராஜுக்குப் போனால் பாஸ் காற்றுக் குழாயைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு "டர்போ போயிட்டு" என்கிறார். விரலில் ஒயில் இருப்பது உண்மைதான். இலட்சக் கணக்கில் கடன்பட்டு டர்போ மாற்றப்படுகிறது. சில வாரங்களில் அதே புகை மீண்டும் வருகிறது. பாஸ் பொய் சொல்லவில்லை, புதிய டர்போவும் போலியாக இருக்கவேண்டியதில்லை. ஒயில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். அந்த ஐந்து வருடங்களாக இருந்த வேன்களே ஓடித் தேய்ந்தன. இப்போது இறக்குமதி உண்டு என்றாலும் வரியோடு சேர்ந்த விலை வாடகை வேன் ஓட்டுபவரின் கைக்கு எட்டுவதில்லை. லீசிங் கட்டிக்கொண்டு பழைய என்ஜினைக் காப்பாற்ற வேண்டியவருக்கு, தவறாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பழுது சில மாத வருமானத்தைத் தின்றுவிடும்.

சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, எவ்வளவு நல்ல ரிங்காக இருந்தாலும் அதைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். நம் கராஜ்களில் இதைத்தான் 'பெக் கொம்பிரஷன்' என்கிறார்கள். இந்த வாயு கிராங்க் சுழலும் அறைக்குள், அதாவது ஒயில் சம்புக்கு மேலேயுள்ள வெற்றிடத்துக்குள் வந்து சேர்கிறது. எரிந்த புகை, எரியாத எரிபொருள், நீராவி, தெறித்த ஒயிலின் மிக நுண்ணிய துளிகள் எல்லாம் இதில் கலந்திருக்கும். வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடும். தெப்பட் கவர் கஸ்கட், கிராங்க் ஒயில் சீல், டிப்ஸ்டிக் குழாய் என்று ஏதோ ஓரிடத்தால் ஒயிலோடு வெளியே வரும். சீலை மாற்றினால் ஒரு மாதம் நிற்கும். பிறகு வேறோர் இடத்தில் கசியும்.

பழைய கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாக நேரே தெருவில் விட்டார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, 1961 மொடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் வாயுவை மீண்டும் என்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் முறை வந்தது. 'பி.சி.வி. வால்வு' என்று நாம் சொல்வது அந்த ஏற்பாட்டின் இதயம். டர்போ இல்லாத பெற்றோல் என்ஜினில் இது எளிய விடயம். திரொட்டில் பாதி மூடியிருக்கும்போது இன்டேக் மனிபோல்டில் உறிஞ்சல் இருக்கும். அந்த உறிஞ்சலே கிராங்க் அறையின் வாயுவையும் இழுத்துக்கொள்ளும்.

டர்போ வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. டர்போவின் வேலையே மனிபோல்டுக்குள் காற்றை அமுக்குவது. உறிஞ்சல் இருந்த இடத்தில் இப்போது வெளிக்காற்றை விடக் கூடிய அழுத்தம். பி.சி.வி. வால்வு அந்த நேரத்தில் இறுக மூடிக்கொள்ளாவிட்டால், டர்போ தன் காற்றைக் கிராங்க் அறைக்குள்ளேயே ஊதும். இன்னொரு பக்கம், சிலிண்டரில் அழுத்தம் கூடுவதால் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயுவும் கூடுகிறது. அதிகமாக மூச்சு விடவேண்டிய நேரத்தில் மூச்சுக்குழாய் அடைபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே டர்போ பெற்றோல் என்ஜின்களுக்கு இரண்டு வழி வைக்கிறார்கள். மெதுவாக ஓடும்போது வாயு மனிபோல்டுக்குப் போகும். டர்போ அழுத்தும்போது எயார் பில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாய்க்குப் போகும். டர்போ காற்றை இழுக்கும் வாய் அது என்பதால் அங்கே எப்போதும் கொஞ்சம் உறிஞ்சல் உண்டு.

நம் தெருக்களில் ஓடும் சுசுக்கி எவ்ரி டர்போ, வெகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ, டொயோட்டா ரைஸ் எல்லாம் இந்த வகைதான். எவ்ரியின் என்ஜின் 660 சிசிக்கும் குறைவு. அதிலிருந்து 64 குதிரைவலு எடுக்கிறார்கள். அவ்வளவு சிறிய என்ஜின் குடும்பத்தோடும் சாமானோடும் ஏற்றம் ஏறும்போது டர்போ ஓய்வெடுக்க நேரமே கிடையாது. இவற்றில் பி.சி.வி. வால்வை ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கி.மீ.க்கு ஒரு தடவையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. மனிபோல்ட் பக்கமிருந்து வாயால் ஊதினால் காற்றுப் போகக்கூடாது. போனால் வால்வு செத்துவிட்டது. டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் வால்வு ஒரு தேநீர்ச் செலவு.

கே.டி.எச். போன்ற டீசலில் வழி பெரும்பாலும் ஒன்றுதான். தெப்பட் கவரிலிருந்து வரும் பிறீதர் பைப் டர்போவின் வாய்க்கு முன்னால் போய்ச் சேரும். கவருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் ஒயில் துளிகளைப் பிரித்துக் கீழே விடவேண்டும். பிரியாதது டர்போவுக்குள் போகும். பாஸின் விரலில் பட்ட ஒயில் பெரும்பாலும் இதுதான். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமல்ல. டர்போவின் காற்றுச் சில்லுக்கு முன்னால், பிறீதர் பைப் வந்து சேரும் இடத்திலிருந்தே ஈரமாக இருந்தால் ஒயில் பிறீதரால் வந்தது. அங்கே காய்ந்திருந்து, சில்லுக்குப் பின்னால் இன்டர்கூலர் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதில் இறப்பர் சீல் நிற்காது. மெல்லிய உலோக வளையங்கள்தான் உண்டு. தண்டைக் குளிப்பாட்டிய ஒயில் பம்பின் உதவியில்லாமல், தன் எடையால் மட்டும் சம்புக்கு வழிந்து இறங்கவேண்டும். சம்பில் அழுத்தம் ஏறியிருந்தால் அது இறங்காது. ஒயில் தேங்கி, வளையத்தைத் தாண்டி ஒரு பக்கம் இன்டர்கூலருக்கும் மறுபக்கம் புகைக்குழாய்க்கும் போகும். குற்றமே இல்லாத டர்போ புகை கக்குவது இப்படித்தான். புதியதைப் பூட்டினாலும் அதற்கும் இதே கதிதான். ரிட்டேர்ன் பைப்பின் கஸ்கட்டுக்குத் தாராளமாக சிலிக்கன் பூசி, அது உள்ளே பிதுங்கி வழியை அடைத்துவிட்டாலும் இதே விளைவு வரும். சிலிக்கன் மீது நம்மவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

கே.டி.எச்.சின் 3.0 லீற்றர் 1கே.டி. என்ஜினுக்கு இன்னொரு பிரத்தியேகமான நோயும் உண்டு. அதன் இன்ஜெக்டர்கள் அமரும் செம்பு வொஷர்கள் காலப்போக்கில் கசியத் தொடங்கும். எரியும் வாயு நேராகத் தெப்பட் கவருக்குள் வரும். ரிங் நன்றாக இருக்கும், ஆனால் பெக் கொம்பிரஷன் அடிக்கும். ரிங்தான் போய்விட்டது என்று என்ஜினைப் பிரிப்பவர்கள் உண்டு. அதைவிட மோசம், அந்த வாயுவின் கரி ஒயிலோடு சேர்ந்து தார் போலாகி, சம்புக்குள் ஒயில் இழுக்கும் வலையை அடைக்கும். ஒயில் கிடைக்காத என்ஜின் நடு வழியில் இறுகும். இந்த வேன் வைத்திருப்பவர்கள் வொஷரைப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

கரையோரத்தில் அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும்வரை இந்தக் குறைகள் பெரும்பாலும் தெரியாது. தரை சமம், டர்போவுக்கு வேலை குறைவு. மஹியங்கனையிலிருந்து கண்டிப் பக்கம் ஏறும் 18 வளைவில் நீண்ட நேரம் முழுப் பாரத்தில் இழுக்கும்போதுதான் கசியும் வாயு பெருகி, ஒயில் துளிகளை அள்ளிக்கொண்டு போகும். வீட்டு வாசலில் ஐடிலில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லும் பரிசோதனையை முழுவதும் நம்பவேண்டாம்.

ஒயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்க்கும் பழக்கமும் அரைகுறையானது. டீசலில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. அளந்து பார்க்கலாம், அதற்கான கருவி மேசன்மாரிடமே இருக்கிறது: மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாய். அதை நிமிர்த்திய 'ப' போல வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் விடுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் பொருத்துங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். கைகள் இரண்டும் நல்ல உயரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சலில் தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடும். ஆரோக்கியமான பெற்றோல் என்ஜின் ஐடிலில் தண்ணீரைத் தன் பக்கம் சற்று இழுக்கும். டீசலில் மட்டம் ஏறக்குறைய சமமாக நிற்கும். இரண்டு மட்டங்களுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வெறும் எடையால் இறங்கவேண்டிய ஒயிலுக்கு அது பெரிய தடை. தண்ணீர் அவ்வளவுக்கு வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் காரணத்தைத் தேடத் தொடங்கவேண்டும். உங்கள் என்ஜினுக்கென்று கம்பனி கொடுத்த அளவு கையேட்டில் இருந்தால் அதுவே இறுதி.

தேடும்போது மலிவானதிலிருந்து தொடங்குவதுதான் புத்தி. முதலில் ஒயில் மட்டம். கூடுதலாக ஊற்றினாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிப் பிறீதருக்கு அனுப்பும். பிறகு பிறீதர் பைப் உட்புறம் உப்பி அடைபட்டிருக்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்பது. அதன்பின் பி.சி.வி. வால்வு அல்லது ஒயில் பிரிப்பான், இன்ஜெக்டர் வொஷர், டர்போ ரிட்டேர்ன் பைப். இவையெல்லாம் சரியாக இருந்தால் கொம்பிரஷன் பார்த்து ரிங்குக்கு வாருங்கள்.

சிலர் இத்தனையையும் விட்டுவிட்டு, பிறீதர் பைப்பைப் பிடுங்கி வண்டிக்குக் கீழே தொங்கவிட்டு விடுகிறார்கள். இன்டர்கூலரில் ஒயில் நிற்பது குறையும், உண்மை. ஆனால் கே.டி.எச்.சிலும் எவ்ரியிலும் என்ஜின் இருப்பது முன் சீற்றுக்கு அடியில். தொங்கும் குழாயின் வாயு கண்ணாடி மூடிய ஏசி வேனுக்குள் வர அதிக தூரமில்லை. பெற்றோல் என்ஜினானால் அதில் காபனோரொட்சைட்டும் இருக்கும், மணமே இல்லாமல். பின் சீற்றில் நோயாளி படுத்திருக்கும் வண்டியில் செய்கிற வேலையா இது?

ஒன்லைனில் விற்கும் 'கெட்ச் கேன்' இதைவிடப் பரவாயில்லை, ஆனால் நிபந்தனையோடு. உள்ளே தடுப்புத் தகடோ வலையோ இல்லாத வெற்று டப்பா துளிகளைப் பிடிக்காது. அசல் பைப்பைவிட ஒடுக்கமான குழாயைப் பூட்டினால் அதுவே புதிய அடைப்பு. ஒயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் இறப்பர் குழாய் வேண்டும், தோட்டத்துக் குழாய் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். மறக்காமல் வெறுமையாக்கவும் வேண்டும். நிரம்பிய டப்பா ஏற்றத்தில் மொத்தத்தையும் ஒரே மிடறில் என்ஜினுக்குள் கொட்டும்.

டீசலில் அந்த மிடறுதான் பயங்கரமானது. என்ஜின் ஒயிலையே எரிபொருளாக எரித்துத் தானாக உச்ச வேகத்துக்கு ஏறலாம். சாவியைத் திருப்பி டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் போகலாம், ஏனெனில் எரிவது டீசலே அல்ல. மெனுவல் வண்டியானால் பிறேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, உயர்ந்த கியரைப் போட்டு கிளச்சை விட்டு என்ஜினை அடக்கவேண்டும். ஓட்டோ கியரில் அது முடியாது. காற்று இழுக்கும் வாயைத் தட்டையான பலகையால் மூடுவதுதான் வழி. கையாலோ துணியாலோ மூடக்கூடாது, துணியை உள்ளே இழுத்துவிடும், கை காயப்படும். வேகம் ஏறிவிட்ட என்ஜினை நெருங்கவே வேண்டாம். பயணிகளை இறக்கித் தூரப் போவதே நல்லது.

காரணம் கண்டுபிடித்துப் பழுது பார்த்த பிறகு இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றி, உள்ளே தேங்கிய ஒயிலை வடித்துக் கழுவிக் காயவைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் பழைய ஒயில் எரிந்து தீரும்வரை புகை தொடரும், மீண்டும் யாராவது டர்போவைக் கழற்றச் சொல்வார்கள்.